மேற்றோலின் மூலக்கலங்கள்

நம்மைப் போர்த்திருக்கும் மேற்றோல் என்றும் ஒரே தோலன்று. ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை அதன் கலங்கள் உதிர, அடியிலிருந்து புதியவை எழுந்து அவ்விடத்தை நிரப்புகின்றன. இவ்வாறு புதிய கலங்களை ஓயாது ஈன்று, தானும் அற்றுப்போகாதிருப்பதே மூலக்கலம். ஸ்டெம் செல் என்று வைத்தியர்கள் வழங்குவது இதனையே.

2015ஆம் ஆண்டில், ஜேர்மனியின் போஹும் நகர வைத்தியசாலைக்கு ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். மேற்றோலைக் கீழுள்ள தோலுடன் பிணைக்கும் புரதமொன்றை ஆக்குதற்குரிய பரம்பரையலகு அவனிடத்தில் பிறவியிலேயே பழுதுற்றிருந்தது. சிறிது உராய்ந்தாலும் தோல் கொப்புளித்து உரியும். கிருமிகளும் தொற்றவே, உடலின் பெரும்பகுதி புண்ணாயிற்று. தந்தையின் தோலை ஒட்டிப் பார்த்தனர், அது நிலைக்கவில்லை.

இத்தாலியின் மொடெனா நகரில் பேராசிரியர் மிக்கேலே டி லூக்கா குழுவினர், சிறுவனின் உடலிற் புண்படாத ஓரிடத்திலிருந்து 4 சதுர சென்ரிமீற்றர் தோலைப் பெற்றனர். தபால் முத்திரையளவுதான்! வைரசு ஒன்றின் துணையால் செம்மையான பரம்பரையலகை அதன் கலங்களிற் புகுத்தித் தாள்தாளாக வளர்த்தனர். அத்தாள்கள் ஒட்டப்பட்டு, உடற்பரப்பில் ஏறத்தாழ 80 வீதம் புதுத்தோல் பெற்றது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. வைரசு ஒவ்வொரு கலத்திலும் வெவ்வேறிடத்திற் செருகிக்கொள்ளும்; அவ்வடையாளம் வழித்தோன்றல்களுக்கெல்லாம் குடும்பப் பெயர்போற் செல்லும். மாதங்கள் கழித்துப் புதுத்தோலை ஆராய்ந்தபோது, ஒட்டிய கலங்களுட் பெரும்பாலானவற்றின் குடும்பங்கள் அற்றுப்போயிருந்தன. நெடுங்காலம் வாழும் மூலக்கலங்கள் சிலவே தோல் முழுவதையும் தாங்கின. ஆதலின் எந்தக் கலத்தை வளர்க்கிறோம் என்றறியாத சிகிச்சை வெறும் சூதாட்டமே. அமெரிக்காவில், கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைப் பணம் கொடுத்துக் கண்களிற் செலுத்திக்கொண்ட மூவர் பார்வை இழந்த செய்தி 2017இல் வெளியாயிற்று. அதே ஆண்டிலேதான் இச்சிறுவனின் வரலாறும் வெளிவந்தது.

வைரசு செருகிய இடத்திற் புற்றுநோய் தோன்றலாம் என்ற அச்சம் இருக்கத்தான் செய்தது. ஐந்தாண்டுக்குப் பின், 2021இல் வெளியான அறிக்கை அவ்வாறெதுவும் நிகழவில்லை என்கிறது. புதுத்தோல் உறுதியாக நின்றது. ஒட்டப்படாத இடங்களில் மட்டும் கொப்புளங்கள் எழுந்தன.