பசித்த வயிறும் பட்டப்படிப்பும்



அண்ணல் அம்பேத்கர் 1920க்குப் பின் இலண்டனில் அரைவயிற்றோடு நூலகத்தில் அமர்ந்து பயின்றதை நாம் மேடைதோறும் பெருமையுடன் கூறுகின்றோம். கூறலாம், ஆனால் அப்பசியை நம் பிள்ளைகளுக்கும் பாடமாக்கிவிட வேண்டா.

1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாய் விரிந்தது. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. கல்லூரி வாயிலில் இவற்றுள் ஒன்றுமில்லை. நம் மாணவர்க்கான அரசு விடுதிகளில் கல்லூரி மாணவரின் மாத உணவுப்படி, 2023இல்தான் ரூ.1,100லிருந்து ரூ.1,500 ஆயிற்று. நாளொன்றுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு!

விடுதியில் இடம் பெறாது, சிற்றூரிலிருந்து முதற்பேருந்தில் புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்கும் மகளிர் கல்லூரிக்கும் வருவோர் நிலை என்ன? உலை கொதிக்குமுன் புறப்படுகின்றனர். தேநீரே காலை உணவு. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகை உடையோர். வகுப்பில் சோர்ந்து சாயும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசுகின்றோம். அது குருதிச்சோகையாகவும் இருக்கலாம். உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலிற் குறைவாகவே சேரும். நெல்லிக்காய் உண்டால் மிகுதியாய்ச் சேரும்.

கேப்பைக்களியும் கருவாடும் தூக்குச்சட்டியில் கொணர நாணிப் பட்டினி கிடக்கும் பிள்ளைகளையும் நாம் அறிவோம். அந்நாணம் வீட்டிலிருந்து வந்ததன்று. அடுத்த இருக்கையில் முகஞ்சுளித்தவரால் வந்தது.

கல்லூரிக்கு அருகில் குடியிருக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு மாணவர்க்கேனும் காலைக்கஞ்சி அளிக்க முன்வருமாறு வேண்டுகின்றோம். பெயர்களை இன்று மாலையே செயலாளரிடம் கொடுங்கள்.