ஆட்சிக் குழுவில் நமக்கொரு நாற்காலி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

நம் கல்லூரி அறக்கட்டளையினர், ஆட்சிக் குழுவில் தங்களுக்குள்ள இடங்களில் ஒன்றை நம் சங்கத்துக்குத் தர முன்வந்திருக்கிறார்கள். இது சாதாரண விஷயமல்ல. தனியார் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு யூ.ஜி.சி. 2018-இல் வகுத்த விதிகளில் ஆட்சிக் குழுவுக்கு 12 பேர் என்றிருந்தது. நிர்வாகத்தின் சார்பில் 5 பேர், ஆசிரியர்கள் 2 பேர், கல்வியாளர் அல்லது தொழிலதிபர் ஒருவர், யூ.ஜி.சி., மாநில அரசு, பல்கலைக்கழகம் சார்பில் தலா ஒருவர்; அத்துடன் முதல்வர். முன்னாள் மாணவருக்கென்று அந்த விதிகளில் தனி இடம் இருக்கவில்லை. பாடத்திட்டக் குழுவில் ஒருவருக்கு இடம் இருந்தது, அதோடு சரி. கட்டணமும் உதவித்தொகையும் புதிய படிப்புகளும் முடிவாகிற இடத்தில் நம்மவர் ஒருவர் உட்காரப் போகிறார்.

சரி, யாரை அனுப்புவது? காலையிலிருந்தே வராந்தாவில் இதே பேச்சுதான். "அதிகமா நன்கொடை கொடுத்தவரை அனுப்பலாமுங்க" என்கிறார் ஒருவர். "நம்ம பக்கத்து ஆளாப் பாருங்க" என்கிறார் இன்னொருவர். கொடுத்தவர்களை வணங்குகிறேன். கட்டடத்துக்கு அவர்கள் பெயரை வைப்போம், பொன்னாடை போர்த்துவோம். ஆனால் நாற்காலி வேறு, பொன்னாடை வேறு.

பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். பெருஞ்செல்வத்தை அறப்பணிகளுக்கென்று எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். ஆனால் சொத்து வழக்கில் சிக்கியது. நீதிமன்றம் தலையிட்டு, அறங்காவலர் குழு அமைந்து, அவர் பெயரில் சென்னையில் பள்ளி திறந்தது 1842-இல். இடையில் 48 ஆண்டுகள்! பணம் இருந்தது, அதைப் பொறுப்பாக நடத்த ஆள் அமையவில்லை. இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு இல்லாமலே போயிற்று.

நாமக்கல், சங்ககிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லாரி டிரைவருக்கு வண்டியும் சொந்தமில்லை, லோடும் சொந்தமில்லை. இரண்டையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அறங்காவலரும் அப்படித்தான். ஒருவரிடம் சாவியைக் கொடுக்கும்போது அவர் எவ்வளவு வசதியானவர் என்றா கேட்கிறோம்? எப்படி ஓட்டுவார் என்றுதானே கேட்கிறோம்!

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, கல்லூரியோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர் வேண்டாம். கட்டடம் கட்டுபவர், பஸ் விடுபவர், கம்ப்யூட்டர் சப்ளை செய்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. எங்கள் தொழிலில், அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் பில் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வேறொரு கல்லூரியில் பங்கு வைத்திருப்பவரும் வேண்டாம்.

இரண்டு, கூட்டத்துக்கு முன்பே தணிக்கை அறிக்கையைப் படித்துவிட்டு வருகிறவராக, புரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கிறவராக இருக்க வேண்டும். டீ, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வர ஆள் தேவையில்லை.

மூன்று, பதவிக்காலம் இரண்டு ஆண்டு என்று வரையறுப்போம். ஆண்டுதோறும் இதே மேடையில் அவர் நமக்குக் கணக்குச் சொல்லட்டும். ரகசியம் காக்க வேண்டியதைக் காக்கட்டும், மற்றதைச் சொல்லட்டும்.

அவர் நம் சங்கத்தின் ஆளாக அங்கே போகவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர் மகளும், ஆத்தூரில் சேகோ ஆலைக்குப் போகிறவர் மகனும் இங்கே படிக்கிறார்கள். கட்டணத்தில் ஐந்தாயிரம் ரூபாய் ஏறினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அந்த மேஜையில் கேட்க ஒரு குரல் வேண்டும். அப்படிக் கேட்கக் கூடியவர் யார் என்று பாருங்கள். அவர் எந்த ஊர், எந்த பேட்ச் என்று பார்க்காமல் கை தூக்குங்கள்.

 வணக்கம்.