லாக்ஸ்டன்: வேலியில்லாத வயல்கள்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிற்புரட்சிப் பாடத்தை நடத்தும்போது நாம் ஒரு வரியை வேகமாகக் கடந்துவிடுகிறோம். "இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டன, நிலமிழந்த மக்கள் நகரங்களுக்குச் சென்றனர்." மாணவர்களும் அதை அப்படியே தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அடைக்கப்பட்டது எது? அடைப்பதற்கு முன் அந்த ஊர் எப்படி இருந்தது? வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து இதைக் கேட்டால் காட்டுவதற்கு இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்திலுள்ள லாக்ஸ்டன் என்ற சிற்றூர் அது. அந்த ஊரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

லாக்ஸ்டன் மிகப் பழைய ஊர். வில்லியம் மன்னர் 1086-இல் எடுத்த 'டூம்ஸ்டே' கணக்கெடுப்பிலேயே அதன் பெயர் இருக்கிறது. ஊரின் வடபுறத்தில் நார்மானியர் எழுப்பிய கோட்டையின் மண்மேடு இன்றும் நிற்கிறது. ஊர் நடுவே புனித மைக்கேல் தேவாலயம் இருக்கிறது. ஆனாலும் அந்த ஊருக்குப் பெருமை கோட்டையாலோ கோயிலாலோ வரவில்லை, வயல்களால் வந்தது. மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று மூன்று பெரும் வயல்கள் அங்கே உண்டு. உள்ளே வேலியும் இல்லை, சுவரும் இல்லை. ஒவ்வொரு வயலும் நீண்ட துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும். ஒரு குடும்பத்தின் துண்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்திராமல் மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும்.

ஏன் இப்படிச் சிதறல்? இந்தக் கேள்வியை நான் வகுப்பில் அப்படியே பிள்ளைகளிடம் விட்டுவிடுவேன். மூன்று வயல்களில் ஒன்றில் இலையுதிர்காலத்தில் கோதுமை விதைப்பார்கள். அடுத்ததில் வசந்தத்தில் பார்லி, பட்டாணி, அவரை போன்றவை விதைப்பார்கள். மூன்றாவது வயல் அந்த ஆண்டு தரிசாக ஓய்வெடுக்கும். மறு ஆண்டு இந்த முறை மாறும். இவ்வளவையும் கரும்பலகையில் வரைந்துவிட்டு, "உன் நிலம் முழுவதும் ஒரே வயலில் இருந்தால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டால் போதும். "மூன்றாவது வருஷம் பட்டினிதான் சார்!" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்துவிடும். களிமண்ணும் மேட்டு நிலமும் ஈர நிலமும் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைப்பதற்கும் இந்தச் சிதறல் வழி செய்தது.

இதற்குள் கணக்குப் பாடமும் இருக்கிறது. ஏர் பூட்டிய எருதுகளைத் திருப்புவது கடினமான வேலை. அதனால் துண்டுகள் நீளமாக அமைந்தன. ஓர் உழவுசாலின் நீளம் என்ற பொருளில் பிறந்த அளவுதான் 'ஃபர்லாங்'. அது 220 கெஜம். 22 கெஜம் ஒரு சங்கிலி. ஒரு ஃபர்லாங் நீளமும் ஒரு சங்கிலி அகலமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர். 660 அடியை 66 அடியால் பெருக்கினால் 43,560 சதுர அடி. நம் பட்டாவில் நாம் எழுதும் ஏக்கரும் இதே ஏக்கர்தான். அதை நூறாகப் பிரித்தால் 435.6 சதுர அடி, அதாவது நம் ஊரில் சொல்கிற ஒரு சென்ட். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் அந்த ஒரு சங்கிலிதான் என்று சொன்னால், அன்றைக்கு வகுப்பில் தூங்குகிறவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

லாக்ஸ்டனைப் பற்றி நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு ஒரு வரைபடம் முக்கியக் காரணம். அப்போது அவ்வூரின் உடைமையாளர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகர். அவருக்காக மார்க் பியர்ஸ் என்ற நில அளவையர் 1635-இல் வரைந்த வரைபடம் அது. ஒவ்வொரு துண்டும் அதில் தனித்தனியே காட்டப்பட்டிருக்கிறது. உழுகிறவர்களும் அறுவடை செய்கிறவர்களும் சிற்றுருவங்களாக அதில் இருக்கிறார்கள். இன்று அது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஆர்வின் தம்பதியர் இந்த ஊரை ஆராய்ந்து 1938-இல் 'திறந்த வயல்கள்' என்ற பொருளுடைய தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார்கள்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். வேலியே இல்லாத வயலில் பக்கத்துத் துண்டுக்காரர் ஆண்டுக்கு ஒரு சால் தள்ளி உழுதால் யார் கேட்பது? பொதுப்பாதையையும், 'சைக்' எனப்படும் பொதுப் புல்தரையையும் யாராவது உழுதுவிட்டால் யார் தடுப்பது? அதற்குத்தான் 'கோர்ட் லீட்' என்ற ஊர் மன்றம் இருக்கிறது. உழவர்களிலிருந்தே நடுவர் குழு ஒன்றை அமைப்பார்கள். நவம்பர் இறுதியில் அந்தக் குழு புதிதாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்க்கும். எல்லை கலைந்த இடங்களில் மரமுளை அடிக்கும், அத்துமீறல்களைக் குறித்துக்கொள்ளும். அடுத்த வாரம் ஊரிலுள்ள 'டவ்கோட்' விடுதியில் மன்றம் கூடி, தவறியவர்களுக்கு அபராதம் விதிக்கும். முற்காலத்தில் அவிழ்ந்து திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்க 'பிண்டர்' என்ற ஊர்ப் பணியாளரும் இருந்தார். நம் ஊர்க் கொண்டித்தொழுவை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1977-இல் இத்தகைய பழைய ஊர் மன்றங்களின் நீதி அதிகாரத்தை நீக்கிச் சட்டம் இயற்றியது. அப்போது லாக்ஸ்டன் மன்றத்துக்கு மட்டும் விலக்குத் தந்து அதன் அதிகாரத்தை விட்டுவைத்தது.

மற்ற ஊர்களுக்கு என்ன நேர்ந்தது? 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. அவை தொட்ட நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அது. பெருநிலக்காரர்களுக்கு ஒரே இடத்தில் நிலம் சேர்ந்தது. வடிகால் அமைக்கவும் புதிய பயிர்முறைகளை முயலவும் அது உதவியது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு பசுவைப் பொதுப்புல்லில் மேய்த்தும், அறுத்த வயலில் கதிர் பொறுக்கியும் வாழ்ந்த குடிசைக்காரருக்கு அந்தப் புல்லும் கதிரும் போயின. அவருடைய உரிமை பெரும்பாலும் வழக்கத்தில் மட்டுமே இருந்தது. காட்டுவதற்குக் காகிதம் இல்லாதவர் இழப்பீடும் பெறவில்லை.

லாக்ஸ்டனைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் நிலவுடைமையாளர் இருந்தார், குத்தகை இருந்தது, ஏழைகளும் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகள் பல ஒன்றுசேர்க்கப்பட்டு எண்ணிக்கையும் குறைந்தது. 1952-இல் மேன்வர்ஸ் பிரபு அந்த ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அது அரச எஸ்டேட்டின் கைக்கும், 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட்டின் கைக்கும் மாறியது. இவ்வளவு கை மாறியும் மூன்று வயல்களும் மன்றமும் நிலைத்திருக்கின்றன.

கேரட் ஹார்டின் என்ற அறிஞர் 1968-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் என்றால் ஆளுக்கொரு மாட்டைக் கூடுதலாக விட்டு, கடைசியில் எல்லோருமே அழிவார்கள் என்பது அவர் வாதம். "பொதுச்சொத்தா, அப்ப நாசம்தான்" என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் பல நாடுகளின் பாசனங்களையும் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து அதற்கு விடை சொன்னார். பயன்படுத்துகிறவர்களே விதி செய்து, அவர்களே கண்காணித்து, சிறு தவறுக்குச் சிறு தண்டனை என்று தொடங்கினால் பொதுச்சொத்து நெடுங்காலம் நிலைக்கும் என்பது அவர் கண்டது. 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அவர் சொன்னவை எல்லாம் லாக்ஸ்டன் வயலில் மரமுளையாக நிற்கின்றன.

நண்பர்களே, பாடத்தில் இதற்கு ஒரே ஒரு பாடவேளை போதும். தரையில் மூன்று வயல்களைச் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். பிள்ளைகளுக்குத் துண்டுகளைச் சீட்டுப் போட்டுக் கொடுங்கள். விதிகளை அவர்களே எழுதட்டும், ஐந்து பேர் நடுவர்களாக இருந்து எல்லையைப் பார்த்துவரட்டும். பாதி நேரம் கழிந்ததும் நீங்கள் போய் ஒரு சட்டத்தைப் படியுங்கள்: "இனி இந்த மூன்று வயல்களும் இரண்டு பேருக்கு மட்டுமே." அப்போது அந்த வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு வரியின் பொருளை அதற்குப் பிறகு நாம் விளக்க வேண்டியிருக்காது.