போணக்காட்டுப் பங்களாவும் பொதியிலடி மக்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கம்பனையும் வள்ளுவனையும் அறிஞர் பெருமக்கள் பேசி அமர்ந்த இம்மேடையில், பேயைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்திருக்கின்றனர். சிலர் நகைக்கக் கூடும். ஆயினும் நம் இளைஞர்கள் இன்று கூடிப் பேசும் பொருள்களுள் 'மாலை நேரப் பேய் உலா' என்பதும் ஒன்றாகிவிட்டது. அதனை நகைத்து ஒதுக்குவதினும் ஆராய்ந்து தெளிவதே நன்று என்பது நம் எண்ணம்.

மேல்நாடுகளில் இவ்வுலா ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1973 இல் தொடங்கிய உலாவில், வழிகாட்டி ஒருவர் முன்னே செல்லக் கூட்டம் பழந்தெருக்களில் பின்தொடர்ந்து ஆவிக் கதைகள் கேட்கின்றது. எடின்பரோ நகரில் பிற்காலக் கட்டடங்களுக்கு அடியில் புதைந்து கிடந்த மேரி கிங் சந்து 2003 இல் காட்சியிடமாகத் திறக்கப்பட்டது. 1645 இல் அந்நகரைச் சூறையாடிய கொள்ளை நோயின் கதையே அங்குப் பேய்க் கதையாகச் சொல்லப்படுகின்றது. நம் நாட்டில் இராசத்தானத்துப் பான்கர் கோட்டையில், கதிரவன் மறைந்தபின் உள்ளே புகலாகாது என்று தொல்பொருள் துறை வைத்த அறிவிப்புப் பலகையே அக்கோட்டைக்குப் பெரும் விளம்பரமாயிற்று.

இவை அனைத்திற்கும் முற்பட்ட பேய் உலா ஒன்று நம் மணிமேகலையில் உள்ளது. சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தனியனாய்ச் சுடுகாட்டுக் கோட்டத்துள் புகுந்தான். ஆங்கு ஒரு பேய்மகள் களித்தாடக் கண்டு நடுங்கி ஓடிவந்து, தாயின் முன் வீழ்ந்து உயிர் நீத்தான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்தின்முன் முறையிட்டாள். பேய் உயிரை உண்பதில்லை என்றும், அச்சிறுவனின் கலக்கத்தையே பற்றுக்கோடாகக் கொண்டு அவன் வினையே அவனைக் கொண்டுபோயிற்று என்றும் தெய்வம் விடை கூறிற்று. பேய் உண்டென்று நம்பிய காலத்திலேயே, கொல்வது பேயன்று என்று சொல்லத் துணிந்த புலவரை எண்ணி நாம் பெருமிதம் கொள்ளலாம்.

இருப்புப்பாதைத் துறையைச் சார்ந்த நமக்குப் பேய்க் கதையின் விலை இன்னதென்று காட்ட வேறொரு சான்றும் உண்டு. மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்தில் பேகுன்கோடர் என்னும் சிறு நிலையம் 1960 இல் திறக்கப்பட்டது. 1967 இல் நிலையப் பணியாளர் ஒருவர் வெள்ளைச் சேலையுடுத்த பெண்ணுருவைக் கண்டதாகச் சொன்னார். பின்னர் அவர் இறந்தார் என்று செய்தி பரவவே, அங்குப் பணிபுரிய எவரும் முன்வரவில்லை. வண்டிகள் நில்லாது சென்றன. 2009 இல் அந்நிலையம் மீண்டும் திறக்கப்படும்வரை 42 ஆண்டுகள் அச்சுற்று வட்டார மக்கள் வண்டியேற வேற்று நிலையம் தேடி அலைந்தனர். 2017 இல் அறிவியல் இயக்கத்தார் சிலர் அங்கு ஓர் இரவு தங்கிப் பார்த்தபோது பேய் எதுவும் தென்படவில்லை. வருவோரை அச்சுறுத்த மறைந்திருந்த மாந்தர் சிலரே தென்பட்டனர். ஒரு வதந்திக்கு ஓர் ஊர் செலுத்திய கட்டணம் 42 ஆண்டுகள்!

இனி நம் அண்மையிலுள்ள பொருளுக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காட்டின் வழியே சென்றால் வித்துரா என்னும் ஊர் வரும். பொன்முடி மலைக்குச் செல்வோர் கடக்கும் ஊர் அது. அங்கிருந்து வேறொரு பாதை காட்டினூடே ஏறிப் போணக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தை அடைகின்றது. 1868 மீட்டர் உயர்ந்த அகத்தியர்கூடத்துக்கு ஏறுவோர் புறப்படும் இடமும் அதுவே. தமிழ் முனிவர் அமர்ந்ததாக நம் முன்னோர் போற்றிய பொதியிலின் மேற்குச் சரிவில் அத்தோட்டம் கிடக்கின்றது என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்க.

தோட்டத்திற்கு ஆங்கிலேயர் காலத்தில் இட்ட பெயர் 'பான் அக்கார்டு'. நல்லிணக்கம் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொற்கள் இவை. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரம் இதனைத் தன் குறிக்கோள் மொழியாகக் கொண்டுள்ளது. பொன்முடிப் பக்கத்து மெர்ச்சிஸ்டன் தோட்டமும் ஸ்காட்லாந்துப் பெயர் தாங்கியதே. பான் அக்கார்டு மக்கள் நாவில் போணக்காடு ஆயிற்று. நல்லிணக்கம் போய்க் காடு நின்றது!

அங்கு 25 ஜி.பி. என்னும் பாழடைந்த பங்களா ஒன்று உள்ளது. 1951 இல் வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதனைக் கட்டிக் குடிபுகுந்தார் என்றும், அவருடைய பதின்மூன்று வயது மகள் காரணம் புலப்படாமல் இறந்தாள் என்றும், துரை மனமுடைந்து இலண்டன் சென்றுவிட்டார் என்றும், அதன்பின் அச்சிறுமியின் உருவம் மாலைவேளையில் உலவுகின்றது என்றும் கதை சொல்வர். விறகு பொறுக்கச் சென்ற ஏழைப் பெண்ணொருத்தி திடீரென ஆங்கிலம் பேசலானாள் என்பது அதன் பிற்சேர்க்கை. இதைக் கேட்டுத் தொலைவிலிருந்தும் இளைஞர் வருகின்றனர்.

நம் குடியிருப்பு இளைஞர் எண்மர் அங்குச் சென்றபோது, வழித்துணையாக மூத்தோர் மூவர் உடன் சென்றோம். வனத்துறைச் சாவடியில் இசைவு பெற்றே மேலே போதல் வேண்டும். பொழுது சாயுமுன் திரும்பியும் ஆகவேண்டும். பங்களாவை அடைந்தபோது மலைமேலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கதவுகளும் கண்ணாடிகளும் இன்றிச் சுவர்கள் நின்றன. பேய் பார்க்க வந்தோர் கரியாலும் சுண்ணத்தாலும் எழுதிய தம் பெயர்களே சுவரெங்கும் தென்பட்டன. காற்று பாழறைகளில் புகுந்து ஒலித்தது. பகல் வெப்பம் தணிகையில் பழமரம் சுருங்கி முறியும் ஓசை எழும்; வௌவாலும் மரநாயும் கூரையில் ஓடும். இவற்றை அறியாதார்க்கு ஒவ்வோர் ஒலியும் ஓர் ஆவியே.

நாம் எழுத்தர் வேலை பார்ப்பவர். எதையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பது நம் பழக்கம். நாம் கேட்ட இக்கதையின் வடிவங்கள் எவற்றிலும் துரையின் பெயர் இல்லை. சிறுமியின் பெயர் இல்லை. அவள் இறந்த நாள் இல்லை. அடக்கம் செய்த இடமும் இல்லை. அனுப்புநர் பெயரும் பெறுநர் பெயரும் இல்லாத சரக்கொன்று வந்தால் நம் பார்சல் அலுவலகத்தில் ஏற்பார் உண்டோ? சரக்கிற்கு நாம் கேட்கும் கேள்வியைக் கதைக்கு மட்டும் கேளாது விடுதல் முறையாகாது.

திரும்பும் வழியில் லயம் என்னும் வரிசை வீடுகளின் முற்றத்தில் அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தியைக் கண்டோம். இளைஞருள் ஒருவன் ஆவலோடு, "ஆச்சி, நீங்கள் பேயைக் கண்டதுண்டா?" என்று வினவினான். அவள் நகைத்து, "தம்பி, யானைக்கு அஞ்சினோம்; மழைக்கு அஞ்சினோம்; நோய் வந்தால் கீழே கொண்டுபோகும் வழிக்கு அஞ்சினோம். பேய்க்கு அஞ்ச எங்களுக்கு நேரம் ஏது?" என்றாள். பேறுகாலம் பார்க்க நள்ளிரவில் விளக்கேந்தி அப்பாதையில் பன்முறை நடந்தவள் அவள். தூய தமிழில் பேசினாள். அவள் பாட்டனார் எவ்வூரினின்று வந்தார், எத்தனை நாள் நடந்து மலையேறினார் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினாள். ஆனால் எம்முடன் வந்தவர்களுள் பலர் அதற்குள் வண்டியை நோக்கி நடந்துவிட்டனர். பேய்க்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியவர்க்கு அவளுக்கென ஐந்து நிமிடம் இல்லை.

அன்பர்களே! இங்கேதான் நம் உரையின் உட்பொருள் இருக்கின்றது. திருவிதாங்கூர் மலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்தனர். காட்டை வெட்டித் திருத்தியவரும், கொழுந்து பறித்தவரும், குளிரிலும் காய்ச்சலிலும் மாய்ந்தவரும் அம்மக்களே. அத்தகைய வாழ்வை வால்பாறை மலையில் நேரிற் கண்ட மருத்துவர் பி. எச். டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல், 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரால் தமிழில் வந்துள்ளது. படிக்காதோர் படித்தல் வேண்டும்.

பங்களா கட்டப்பட்டதாகச் சொல்லும் அதே 1951 ஆம் ஆண்டில்தான் நம் பாராளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. குடியிருக்க வீடு, குடிக்க நீர், மருத்துவம், 50 பெண்டிர் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம், சிறார்க்குக் கல்வி ஆகியவற்றை அச்சட்டம் தோட்ட முதலாளிகளின் கடமையாக்கிற்று. துரைமகளின் கதையைச் சொல்வோர் ஆயிரவர். இச்சட்டத்தின் கதையைச் சொல்வோர் எத்தனை பேர்? 1990களின் இறுதியில் தேயிலை விலை வீழ்ந்தபோது கேரளத் தோட்டங்கள் பல நலிந்தன. போணக்காடும் அந்நலிவிற்குத் தப்பவில்லை. ஆலை ஓய்ந்தது, ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றமை செய்தித்தாள்களில் பன்முறை வெளிவந்தது. பேய் பிடித்த இடம் என்று அதனைச் சொல்வது எளிது. விலை வீழ்ந்த இடம், கூலி நின்ற இடம் என்று சொல்வதே உண்மை.

நம் முன்னோர் இறந்தாரை நினைந்த முறை வேறு. இம்மலையின் கீழ்ச்சரிவில், பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்தையனார் கோயில் உள்ளது. அந்தணனாய்ப் பிறந்தும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பொம்மக்காளையும் திம்மக்காளையும் மணந்து, மாமனின் ஆநிரை காக்கப் போரிட்டு மாண்ட முத்துப்பட்டன் அங்குத் தெய்வமாய் நிற்கின்றான். வில்லுப்பாட்டு அவன் பெயரைச் சொல்கின்றது. அவன் மனைவியர் பெயரைச் சொல்கின்றது. அவன் ஏன் மாண்டான் என்பதையும் சொல்கின்றது. அநியாயமாய் மாண்டவரை ஊர் மறவாதிருக்கக் கண்ட வழி அது. அச்சத்தை வழிபாடாகவும் வழிபாட்டை வரலாறாகவும் ஆக்கியது அம்முறை. பெயரற்ற பேயோ எதையும் நினைவூட்டுவதில்லை. நினைவை மறைக்கவே செய்கின்றது.

அதே மலைத்தொடரின் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காக 1999 ஆம் ஆண்டு சூலை 23 ஆம் நாள் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றோர், காவலரின் தடியடிக்கு அஞ்சித் தாமிரவருணியில் இறங்கினர். பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் ஆற்றில் மலர் தூவுகின்றனர். அவ்வாற்றங்கரையில் பேய் உலவுவதாக எவரேனும் கதை கட்டினால் நாம் ஏற்போமோ? ஏற்கமாட்டோம், ஏனெனில் மாண்டவர் யாவர் என்பதை நாம் அறிவோம்.

தனுஷ்கோடியையும் எண்ணிப் பாருங்கள். 1964 திசம்பர் 22 ஆம் நாள் இரவில் எழுந்த புயல் பாம்பனிலிருந்து சென்ற பயணி வண்டியை அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலில் ஆழ்த்தியது. இன்று அவ்வூரைப் பேய் நகரம் என்று எழுதிச் சுற்றுலா நடத்துகின்றனர். அவ்வண்டியை ஓட்டியவரும் கொடி அசைத்தவரும் நம்மைப் போன்ற இருப்புப்பாதைக் குடும்பத்தினர் அல்லரோ? நம் வீட்டார் கடமையில் மாண்ட இடத்தைப் பேய் நகரம் என்றால் நம் நெஞ்சு பொறுக்குமோ? அந்த நெஞ்சுதானே லயத்து மக்களுக்கும் இருக்கும்!

உலாச் செல்ல வேண்டா என்று நாம் சொல்லவில்லை. பழைய இடங்களைக் காணும் விருப்பம் நல்லது. மாலைப்பொழுதில் கதை கேட்பதும் இனியதே. கேட்கும் கதை யாருடையது என்பதுதான் வினா. அகத்தியர்கூடத்து உச்சியில் 1850களில் ஜான் ஆலன் பிரௌன் என்னும் அறிஞர் ஆய்வுநிலையம் அமைத்தார் என்று நூல்கள் சொல்கின்றன. அக்கருவிகளைத் தோளில் சுமந்து ஏறியவர் பெயரை எந்நூல் சொல்கின்றது? எழுதாமல் விட்டவற்றை எழுதுவது நம்போன்ற சிறு சங்கங்கள் செய்யத்தக்க பணி.

ஆதலின் இவ்வவையின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். வரும் ஆண்டில் நம் இளைஞர் அணி மீண்டும் போணக்காடு செல்லட்டும், பகலில் செல்லட்டும், பங்களாச் சுவரில் எழுதும் கரித்துண்டை விடுத்துக் கையில் குறிப்பேடு கொண்டு செல்லட்டும். முதியோர் ஒவ்வொருவரிடமும் அவர் பெயர், பெற்றோர் பெயர், வந்த ஊர், வந்த ஆண்டு ஆகிய நான்கையும் கேட்டு, அவர் இசைவோடு எழுதி வரட்டும். பணிக்கொடை, ஓய்வூதிய விண்ணப்பம் எழுதத் தெரியாதோர்க்கு, விண்ணப்பம் எழுதியே வயிறு வளர்க்கும் நம்மில் சிலர் உடன் சென்று எழுதிக் கொடுக்கலாம். அக்குறிப்புகளை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடச் சங்கம் நான்கு பக்கங்கள் ஒதுக்குமாயின், தாள் செலவில் ஒரு பங்கை நம் பிரிவு அலுவலக நண்பர்கள் ஏற்க இசைந்துள்ளனர்.