சிறையிலிருந்து வரும் பன்னிரண்டு நிமிடம்

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில், புனித வின்சென்ட் தே பவுல் சபையார் கேட்டுக்கொண்டபடி ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் பேச வேண்டும் என்று சபையார் என்னை அழைத்தபோது, கோயில் கட்டிய வரலாற்றைச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதைச் சொல்ல என்னைவிட மூத்தவர்கள் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. சிறையில் இருக்கிறவன் தன் வீட்டாரோடு பேசுவது பற்றி நான் பேசப் போகிறேன். விழா நாளில் ஜெயில் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் ஜூபிலி என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். பழைய ஏற்பாட்டில் அது அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்பிப் போகும் ஆண்டு. 2024 டிசம்பர் 26 அன்று, காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் ரோமை நகரின் ரெபிபியா சிறைச்சாலைக்கே சென்று அங்கே ஜூபிலியின் புனிதக் கதவைத் திறந்து வைத்தார். ஆகவே பொருள் பொருத்தமில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்ல; பெயரும் ஊரும் வேண்டாம். மேல்மலைப் பக்கம், பூண்டு வயலில் கூலி வேலை. ஒரே மகன். கஞ்சா வழக்கில் பிடிபட்டு, சமவெளியில் ஒரு சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தான். அவன் குற்றவாளியா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. நான் அவனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டுக்கான அரசின் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல்! "ஜெயிலுக்குப் போனவன்" என்று நாம் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோமே, அவர்களில் நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே ஆகவில்லை.

அந்த அம்மாள் மகனைப் பார்க்க வேண்டுமானால், விடியுமுன் எழுந்து முதல் பஸ்ஸில் கொடைக்கானல் வர வேண்டும். அங்கிருந்து மலை இறங்கி வத்தலக்குண்டு, அதற்கு அப்பால் இன்னொரு பயணம். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு மட்டுமே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, இரவு தங்க இடமில்லை. இத்தனையும் செய்து போனால், வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் தாய், நடுவில் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம். "என்னப்பா சொன்னே, என்னப்பா சொன்னே" என்று கேட்டே நேரம் முடிந்துவிடும். இரண்டு முறை போனார். மூன்றாம் முறை போகக் காசில்லை.

தொலைபேசியில் பேசலாமே என்பீர்கள். பேசலாம். சட்டப்படி வழி இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிறைகளில் இந்த வசதி பல ஆண்டுகளாக உண்டு. 2023-ல் அரசு அதை விரிவாக்கி, மாதத்துக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் 12 நிமிடம் என்று வகுத்தது. முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பும் சேர்ந்தது. கைதி முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அதிகாரிகள் சரிபார்த்த எண்ணுக்கு மட்டுமே பேசலாம். பேச்சைக் கண்காணிப்பார்கள். அதுவும் நியாயமே. ஆனால் அங்கிருந்து இங்கே பேசலாமே தவிர, இங்கிருந்து அங்கே திரும்பக் கூப்பிட வழியில்லை. தவறிப்போன அழைப்பு தவறிப்போனதுதான்.

அந்த அம்மாள் ஊரில் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றால் ஒரு கோடு, இரண்டு கோடு வரும். மகன் இன்ன நாள் பேசுவான் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு அந்தப் பாறையில் போய் உட்கார்ந்திருப்பார். பனி மூடும். மழை கொட்டும். சில நாள் மணி அடிக்கும், பல நாள் அடிக்காது. ஒரு நாள் பாறைக்குப் போகும் வழியில் காட்டெருமை நின்றுவிட்டது. நம் மலையில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அது நகரும்வரை நாம்தான் நிற்க வேண்டும். அவர் ஏறிப் போய்ப் பார்த்தபோது செல்போனில் ஒரு தவறிய அழைப்பு. "மவன் கூப்பிட்டிருக்கான் சார். நான் ஏறுறதுக்குள்ள நின்னு போச்சு சார்" என்று என்னிடம் சொன்னார். அழவில்லை. அப்படியே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் விஷயம் கெட்டது. அந்தச் சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவன் அவரைத் தேடி வந்து, கொஞ்சம் பணம் கொடுத்தால் உள்ளே ஒரு செல்போன் போய்ச் சேரும், மகன் ராத்திரியில் எப்போது வேண்டுமானாலும் பேசுவான் என்று ஆசை காட்டியிருக்கிறான். காதுத் தோட்டை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "குடுத்தா தப்பா சார்?" என்று கேட்டார்.

நான் பள்ளி ஆசிரியராக இருந்தவன். தப்பு எது சரி எது என்று சொல்லிச் சொல்லியே பழகிப்போன வாய். "தப்பும்மா. பிடிபட்டா நீங்களும் உள்ள போவீங்க, அவன் கேசும் கெட்டுப்போகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னதில் பொய் இல்லை. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, தடை செய்த பொருளை உள்ளே அனுப்புகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்திய அரசு 2023-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டம் இன்னும் கடுமை. செல்போன் வைத்திருக்கும் கைதிக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டத்தைச் சொன்னேன், சரி. ஆனால் பாறையில் உட்கார்ந்திருந்த தாய்க்கு அது என்ன பதில்? வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் எனக்கே உறைத்தது. அதை இங்கே ஒளிக்காமல் சொல்கிறேன்.

சிறையில் இருப்பவன் வெளியே ஒரு சொல் அனுப்பத் துடிப்பது இன்று செல்போன் வந்ததால் பிறந்த ஆசை அல்ல. ஸ்நாபக அருளப்பர் ஏரோதின் சிறையிலிருந்து தம் சீடரை அனுப்பி ஆண்டவரிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் அவருக்குத் திரும்பிப் போயிற்று. புனித சின்னப்பர் பிலிப்பியருக்கும் பிலமோனுக்கும் எழுதியது காவலில் இருந்துகொண்டுதான். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மறவ நாட்டு மண்ணில், புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். அதற்கு முந்தின நாள் தம் சபைக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மையும் பேனாவும் யார் கொடுப்பார்கள்? கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு துரும்பால் எழுதினார். அந்தக் கடிதம் வெளியே வந்து சேர்ந்ததால்தான் அவருடைய கடைசி நாட்களின் மனநிலை நமக்குத் தெரிகிறது. அதைக் கொண்டுவந்து சேர்த்த கை யாருடையதோ, அந்தக் கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் இதை ஒரு சலுகை என்று விட்டுவிடவில்லை. பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பெண் டெல்லியில் தடுப்புக்காவலில் இருந்தார். அவருடைய சிறு மகள் வெளியே, உறவினர் பராமரிப்பில். மாதம் ஒரு முறைதான் பார்க்கலாம் என்றது விதி. 1981 ஜனவரியில் வந்த தீர்ப்பில், குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் சந்திப்பது அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவில் காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, அந்தக் கட்டுப்பாட்டை நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் நெல்சன் மண்டேலா பெயரில் ஏற்ற விதிகளில் 58-ஆவது விதியும், கடிதத்தோடு தொலைபேசி, மின்னணு வழி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுகிறது, தேவையான கண்காணிப்போடு.

இன்னொரு வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. சிலருக்கு இது பிடிக்காமல் இருக்கலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்று வேலூரில் இருந்த முருகனின் தந்தை 2020 ஏப்ரலில் இலங்கையில் இறந்தார். கொரோனா காலம், யாரும் எங்கும் போக முடியாத நாட்கள். தந்தையின் முகத்தை வீடியோவில் பார்க்கவாவது விட வேண்டும் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்குப் பேச விதியில் இடமில்லை என்றது அரசுத் தரப்பு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2021 ஜூனில்தான் அவரும் மனைவி நளினியும் வெளிநாட்டு உறவினரோடு வீடியோவில் பேச அனுமதி கிடைத்தது. அதற்குள் ஓராண்டு தாண்டிவிட்டது. அவர்கள் மேல் இருந்த குற்றம் எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் உயிர்விட்டவர்களின் வீடுகளிலும் தாய்மார் இருந்தார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் செத்துப்போன தகப்பனின் முகத்தைப் பார்க்க விடாததால் அந்தத் தாய்மாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கள்ளத்தனமாக உள்ளே போகும் செல்போன் விளையாட்டுப் பொருள் அல்ல. சாட்சியை மிரட்ட உதவும். பணம் பறிக்க உதவும். டெல்லி ரோஹிணி சிறையில் இருந்துகொண்டே, பெரிய அதிகாரிபோல் செல்போனில் பேசி, ஏறத்தாழ 200 கோடி ரூபாயை ஒருவர் பறித்தார் என்று 2021-ல் எழுந்த வழக்கைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நம் வீட்டுப் பெண்ணுக்குத் தீங்கு செய்தவன் உள்ளே இருந்து நமக்கே போன் போட்டால் எப்படி இருக்கும்? ஆகவே கைதி கையில் ஆளுக்கொரு செல்போன் என்று கேட்க நான் வரவில்லை. இன்டர்நெட்டும் அப்படித்தான். பின்லாந்து நாட்டில் ஹமேன்லின்னா என்ற ஊரில் உள்ள பெண்கள் சிறையில் ஒவ்வோர் அறையிலும் கணினி வைத்து, குறிப்பிட்ட சில பக்கங்களை மட்டும் திறந்துவிட்டிருக்கிறார்கள்; படிக்கவும், அதிகாரிகளுக்கு எழுதவும், வீட்டாரோடு பேசவும். நமக்கு அது இப்போதைக்கு எட்டாத தூரம். ஆனால் கண்காணிப்போடு கூடிய நேர்வழி எவ்வளவு அகலமாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கள்ளவழிக்காரனுக்கு வியாபாரம் குறையும் என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் 2017-ல் வெளியான பார்மர் பிரபுவின் அறிக்கை, குடும்பத்தார் வந்து பார்க்கும் கைதிகள் மறுபடி குற்றம் செய்வது மற்றவரைவிட 39 சதவீதம் குறைவு என்ற ஆய்வை எடுத்துக்காட்டுகிறது. அப்படியானால் இது வெளியே இருக்கும் நம் பாதுகாப்புக்கும் ஆன காரியம்.

அந்த அம்மாளின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். தோடு அடகுக்குப் போகவில்லை. மறுவாரம் நான் அவரைத் தேடிப் போனேன். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அன்பர், "அம்மா பேர்ல சிம் வாங்கிக் குடுங்க, போன் என் கல்லாவிலேயே இருக்கட்டும், மணி அடிச்சா ஆள் விட்டுக் கூப்பிடுறேன்" என்றார். அழைப்பு நாளில் அம்மாள் அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே வேலை பார்ப்பதாக ஏற்பாடு. எண்ணை மாற்ற மனு எழுதினோம். சரிபார்த்து வர நாலைந்து வாரம் ஆயிற்று. முதல் அழைப்பு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவன் நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நாய் செத்துப்போயிருந்தது. "நல்லா இருக்குடா" என்று அம்மாள் சொன்னார். அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை. பிறகு வக்கீல், அடுத்த வாய்தா, சட்டை, இருமல் என்று வந்தது பேச்சு. அந்த வாய்தாத் தேதி அதுவரை அவருக்குத் தெரியவே தெரியாது! ஜாமீன்தாரர் அன்றைக்குத் தேடப்பட்டவர்தான்.

இந்தியாவில் சிறைப்பணிக்காக 1981-ல் கேரளத்தில் தொடங்கிய பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா இருக்கிறது. ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு அதற்காக நாம் காணிக்கை போடுகிறோம். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் மலையில் காணிக்கையைவிடப் பெரிய தேவை சிக்னல் உள்ள இடத்தில் ஒரு செல்போனும், அதை எடுக்க ஓர் ஆளும்.

பங்குத்தந்தை அவர்களிடம் கேட்டேன். கோயில் அலுவலகத்தை ஒட்டிய சிறிய அறையை அதற்காகக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். வீட்டில் ஒருவர் உள்ளே இருந்தால், எந்தச் சிறை, எந்த வழக்கு எண் என்று மட்டும் எழுதினால் போதும். என்ன குற்றம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எந்த மதத்தவரும் வரலாம். ஆதார் அட்டையும், கைதியோடு உள்ள உறவைக் காட்டும் ரேஷன் கார்டும் கொண்டுவர வேண்டும். எண் பதிவுக்கான மனுவை வின்சென்ட் சபையார் எழுதிக் கொடுப்பார்கள். அரசின் இ-முலாகாத் இணையப் பக்கத்தில் சந்திப்புக்குப் பதிவு செய்ய இளைஞர் குழுவில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; இன்னும் இரண்டு பேர் தேவை, முக்கியமாகப் பகல் நேரத்தில் இருக்கக்கூடியவர்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அறை திறந்திருக்கும்.