மேடையேறிய கானா



சென்ற ஆண்டு இவ்விழாவிற்குப் பறை வேண்டுமென இளைஞர்கள் கேட்டபோது, "சாவு மேளம் சங்க மேடையிலா?" என்று மறுத்தவர்களுள் நாமும் இருந்தோம்.

பின்னர் ஒருநாள் நம் மகன் கைப்பேசியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் நிகழ்ச்சியைக் காட்டினான். இயக்குநர் பா. இரஞ்சித் முயற்சியால் உருவாகி, 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய குழு அது. பெயருக்கு வித்து அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனை. வடசென்னைக் கானாவோடு ராப்பும் ராக்கும் கலந்தன. பறையும் கிதாரும் சேர்ந்து முழங்கின. ஆண்களே பெரிதும் பாடிவந்த கானாவை இசைவாணி என்னும் பெண்மணி பாடினார். இழவு வீட்டில் ஒலித்த பாட்டு, உயிருள்ளோர்க்கு உரிமை கேட்டது. நாமோ, முழங்கால் வலியையும் மறந்து எழுந்து நின்றுவிட்டோம்!

இன்று நாதசுரத்திற்குப் பின் அரைமணி நேரம் பறைக்கு ஒதுக்கியுள்ளோம். அப்போது முன்வரிசையில் நமக்கு நாற்காலி வேண்டா.