சம்பாதித்துக்கொண்டே பட்டம்: வட்டியில்லாத ஒரு வழி

(பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது: பையனைப் படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா? படிக்க வைத்தால் ஃபீஸ் கட்ட வேண்டும். கையில் பணமில்லாதவர் வங்கிக்குப் போகிறார்; அங்கே வட்டி. வட்டி வேண்டாம் என்று பேணுதலாக இருப்பவர், பிள்ளையைக் கடைக்கோ லாரி பட்டறைக்கோ அனுப்பிவிடுகிறார். ஒரு பக்கம் மார்க்கம் தடுத்த கடன், மறுபக்கம் பாதியில் நின்ற படிப்பு. இரண்டிலும் விழாமல் போக ஒரு பாதை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே 2015 முதல் ‘டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்’ என்ற முறை நடக்கிறது. ஒருவர் வேலையில் சேர்கிறார், சம்பளம் வாங்குகிறார், வேலை நேரத்திலேயே ஒரு பகுதியைப் படிப்புக்கு ஒதுக்குகிறார், முடிவில் பட்டம் பெறுகிறார். கல்லூரிக் கட்டணத்தில் ஒரு காசும் அவர் தருவதில்லை. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் முதலாளிகள் 2017 ஏப்ரல் முதல் பயிற்சிக்கென ஒரு வரி செலுத்துகிறார்கள். அந்தப் பணத்திலிருந்து கட்டணம் போகிறது. பல்கலைக்கழகங்களும் பெரிய முதலாளிகள்தானே? அவையும் இந்த வரியைக் கட்டுகின்றன. ஆகவே தங்கள் அலுவலகத்திலும் ஆய்வகத்திலும் வேலை செய்கிறவர்களையே இந்த வழியில் படிக்க வைக்கின்றன. வேலை பார்க்கும் இடமும் பாடம் படிக்கும் இடமும் ஒன்றாகிவிடுகிறது.

அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு இது ஏன் முக்கியம்? மாணவர் கடனுக்கு அங்கே வட்டி உண்டு. வட்டியில்லாத மாற்று நிதிக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தும், அது நடைமுறைக்கு வராமலே ஆண்டுகள் கடந்தன. அந்த நிலையில், கடனே வாங்காமல் பட்டம் பெற அப்ரண்டிஸ் முறை ஒரு வாசலானது.

நம் நாட்டுக்கு வருவோம். அப்ரண்டிஸ் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் அப்ரண்டிஸ் பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள்ளேயே சேர்க்க வழிகாட்டுதல் தந்தது. 2025இல் அதை விரிவாக்கியது. அதன்படி மூன்று வருட டிகிரியில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை மாணவர் ஒரு நிறுவனத்தில் வேலை கற்கலாம். அந்த வேலைக்கும் மதிப்பெண் புள்ளிகள் உண்டு. மாணவர், கல்லூரி, நிறுவனம் என்று மூவரும் ஒப்பந்தம் போடுகிறார்கள். மாதம் உதவித்தொகை உண்டு. 2019இல் திருத்திய விதிகள் பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று வைத்தன. சேரும் சமயத்தில் எவ்வளவு என்பதைத் தேசிய அப்ரண்டிஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே டிகிரி, டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் இந்தத் தளத்தில் பதிவு செய்து ஒரு வருடம் பயிற்சி பெறலாம். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

தனியார் கம்பெனிகளிலும் வழி உண்டு. விப்ரோ, பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து, வேலை கொடுத்து, எம்.டெக். படிப்புக்கான செலவையும் ஏற்கிறது. எச்.சி.எல். 2017இல் தொடங்கிய டெக்பீ, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்து, வேலையோடு டிகிரியும் படிக்க வைக்கிறது.

இங்கிலாந்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கே அப்ரண்டிஸ் என்பவர் சட்டப்படி பயிற்சியாளர். தொழிலாளி என்ற கணக்கில் வரமாட்டார். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கல்லூரி ஃபீஸும் பெரும்பாலும் நம் பொறுப்பிலேயே இருக்கும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று: பயிற்சி ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகிறதா? பதிவில்லாத ‘அப்ரண்டிஸ்’ வெறும் குறைந்த கூலி வேலை. இரண்டு: இந்தப் பயிற்சி டிகிரியில் புள்ளிகளாகச் சேரும் என்று கல்லூரி எழுத்தில் தருகிறதா? மூன்று: பயிற்சிக் கட்டணம் கேட்கிறார்களா, அதற்கு வங்கிக் கடனைக் காட்டுகிறார்களா? அப்படியென்றால் வட்டி பின்வாசல் வழியாக வருகிறது. நான்கு: இத்தனை வருடம் விலகக் கூடாது என்று பாண்டு உண்டா? ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? ஐந்து: பெண் பிள்ளை என்றால் ஷிப்ட் எது, பஸ் வசதி என்ன, தங்குமிடம் எது?

ஏற்கெனவே முழுநேர வேலையில் இருப்பவர்கள், அது பல்கலைக்கழக அலுவலகமானாலும் ஜவுளிக் கடையானாலும், இக்னோ, 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் படிக்கலாம். மானியக் குழுவின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டே சேருங்கள். ரெகுலர் கல்லூரியில் பெயரைக் கொடுத்துவிட்டு, வராத நாளுக்கு வருகை போட வைப்பது வேண்டாம். வேலை நேரமும் அமானத், வருகைப் பதிவும் அமானத்.

இப்போது நம்மில் தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பகுதியில் தொழிலுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள், கோழிப்பண்ணைகள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள். சேலத்தில் வெள்ளிக் கொலுசு, ஜவுளி, ஸ்டீல். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளுக்காக 1997இல் பெரியார் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. இரண்டையும் இணைக்கும் கை நம்முடையதாக இருக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. நான்கு பேர் இருந்தாலே, விரும்பினால் எடுக்கலாம். பட்டதாரி, டிப்ளமோ அப்ரண்டிஸின் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. அவர்களின் மாணவர் அபூ யூசுஃப் (ரஹ்) ஏழை வீட்டுப் பிள்ளை. பிழைப்புக்காகப் படிப்பை விட்டுவிடும்படி வீட்டில் சொன்னார்கள். இமாம் தம் வியாபாரப் பணத்திலிருந்து செலவுக்குக் கொடுத்து, தீரும்போதெல்லாம் திரும்பவும் கொடுத்து, அவரைப் படிப்பில் நிறுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பிற்காலத்தில் ஹாரூன் ரஷீத் ஆட்சியில் தலைமை காழியானது அந்தப் பிள்ளைதான். ஒரு வியாபாரி கொடுத்த பணம், உம்மத்துக்கே ஒரு சட்ட மேதையைத் தந்தது. நம் கடையில் பில் போடும் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள் படிக்க நேரம் கொடுப்பதும் அந்த வரிசையில் சேரும் அமல்தான்.

பெற்றோர்களே, முடிவெடுக்கும் முன் பிள்ளையின் சர்டிபிகேட்டுகளோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒருமுறை வாருங்கள். தளத்தில் பதிவு செய்ய உதவுகிறோம். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம். ஃபீஸில் குறைகிற தொகைக்கு வட்டிக்கடைப் பக்கம் போகும் முன் நம்மிடம் சொல்லுங்கள். பைத்துல்மாலில் இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் அல்லாஹ் சேர்த்தே தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.